180 ரூபாய்க்குப் பட்டு ஸ்டோல் கிடைக்குமா?
துணி, நூல், தறி: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தங்கை நெதர்லாந்தில் இருக்கிறாள். கையால் செய்த பட்டு ஸ்டோல், ஸ்கார்ஃப், பர்ஸ், ஹேர்பேண்ட் எல்லாம் இந்தியாவிலிருந்து வரவழைத்து அங்கே சின்னதாக ஒரு கடை போட ஆசைப்படுகிறாள். வட இந்திய ஏற்றுமதியாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். சுத்தப் பட்டு, கைத்தறி, கையால் ஓரம் சுருட்டித் தைத்த ஸ்டோல், ஒன்று 180 ரூபாயாம். குறைந்தது 500 எடுக்க வேண்டும், பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும் என்கிறார். அனுப்பலாமா அம்மா?
– வாசகி, காட்பாடி

பதில்: அனுப்பாதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று நாம் ஆராய வேண்டாம். ஒரு கணக்குப் போட்டால் போதும்.

ஸ்டோல் என்றால் சாதாரணமாக 70 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம். அதாவது 1.4 சதுர மீட்டர் துணி. பட்டின் எடையை ஏற்றுமதிக்காரர்கள் மோம்மி கணக்கில் சொல்வார்கள்; ஒரு மோம்மி என்பது சதுர மீட்டருக்கு 4.34 கிராம். ரொம்ப மெல்லிசான 8 மோம்மி துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு சுமார் 35 கிராம், ஸ்டோலுக்கு 49 கிராம் வருகிறது. இது காய்ச்சி முடித்த பட்டின் எடை. கச்சாப் பட்டில் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட செரிசின் என்ற பசை. சோப்புத் தண்ணீரில் காய்ச்சும்போது அது கரைந்து போய்விடும். அதனால் ஆரம்பத்தில் சுமார் 65 கிராம் நூல் போட்டிருக்க வேண்டும். கச்சாப் பட்டு கிலோ 4,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் நூலுக்கு மட்டும் 260 ரூபாய் ஆகிறது. நெய்தவர் கூலி, சாயம், ஓரம் தைத்த பெண்ணின் கூலி, அவருடைய லாபம் எதுவும் இதில் சேரவில்லை. 180 ரூபாய்க்கு எப்படிக் கொடுப்பார்?

அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை), இல்லாவிட்டால் பாலியஸ்டர். பட்டியலில் ‘ஆர்ட் சில்க்’ என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது செயற்கை இழை, சந்தேகமே வேண்டாம்.

மாதிரி ஒன்றை விலை கொடுத்து வாங்குங்கள். கையில் வந்ததும் நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஒன்று தனித்தனியாக உருவி எரித்துப் பாருங்கள். பலர் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி எரித்துவிட்டு, முடி கருகும் வாடை வந்ததும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். குஞ்சம் பாவு நூல் மட்டும்தான். பாவில் பட்டும் ஊடையில் பாலியஸ்டரும் போட்ட துணி அந்தச் சோதனையில் சுலபமாகத் தப்பித்துவிடும். அசல் பட்டு தீயை விலக்கியதும் தானே அணையும், விரலில் நசுக்கினால் கறுப்புப் பொடியாகும். விஸ்கோஸ் காகிதம் எரியும் வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். ஜரிகை கலந்த இடத்தில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், குழப்பிவிடும்.

சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்தது அது. பட்டு சுத்தமா என்பதற்குத்தான் அது சாட்சி, கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. தறிக்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது, 2006-இல் வந்தது. உங்கள் தங்கை இரண்டையும் சொல்லி விற்கப் போவதால் இரண்டுக்கும் ஆதாரம் கையில் வேண்டும்.

சரி, பிறகு எங்கே வாங்குவது? ஏற்றுமதித் துணிக்குத் தரம் பார்க்கும் வேலையில் நெடுநாள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த ஊர் எந்த வேலையில் கெட்டி என்று தெரிந்துகொண்டு அந்த ஊருக்குப் போக வேண்டும். கண்ணாடி மாதிரி ஷிஃபான், ஜார்ஜெட் பட்டு இந்தியாவில் பெரும்பாலும் விசைத்தறியில்தான் ஓடுகிறது. அதைக் கைத்தறி என்று யாராவது சொன்னால் தறியைக் காட்டச் சொல்லுங்கள். சொரசொரப்பான, நூல் தடிமன் ஏறி இறங்கித் தெரிகிற டசர் என்ற காட்டுப் பட்டு ஸ்டோல் வேண்டுமானால் பீகாரில் பாகல்பூர். எம்பிராய்டரிக்குக் காஷ்மீர்.

நம் பக்கத்திலேயே ஆரணி இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் ஆரணித் தறி சேலைக்கென்று பழகிய தறி. நெருக்கமான நெசவு, கரை, ஜரிகை, இரட்டை வண்ணப் பளபளப்பு, இதிலெல்லாம் அங்கே இருப்பவர்களை மிஞ்ச முடியாது. அந்தத் துணியை டைக்கும் பர்ஸுக்கும் ஹேர்பேண்டுக்கும் கேளுங்கள். கழுத்தில் காற்றாய்க் கிடக்கிற ஸ்கார்ஃபை அந்தத் தறியிடம் கேட்டால் நெய்பவருக்கும் கஷ்டம், வாங்குபவருக்கும் ஏமாற்றம்.

ஆர்டர் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 500 எடு என்று கைத்தறிக்காரர் கேட்க மாட்டார். அவருடைய கணக்கு பாவுக் கணக்கு. பட்டுத் தறியில் ஒரு தடவை ஏற்றும் பாவுக்கு வழக்கமாக மூன்று சேலை, கிட்டத்தட்ட 18 மீட்டர். அதே நீளத்தில் ஸ்டோல் நெய்தால் குஞ்சத்துக்கும் பாவின் முனையில் வீணாவதற்கும் விட்டது போக ஏழெட்டு கிடைக்கும். பாவின் நிறத்தை மாற்றினால் புதுப் பாவு ஏற்ற வேண்டும். அகலத்தைக் குறைத்தால், பாவு நூல்களை வரிசையாகப் பிடிக்கும் சீப்பான அச்சிலும் வேலை இருக்கிறது. அதனால் ‘பத்து நிறத்தில் நிறத்துக்கு இரண்டு’ என்று கேட்காமல், இரண்டு பாவு நிறம் எடுத்து ஊடை நிறத்தை மாற்றி மாற்றி நெய்யச் சொல்லுங்கள். ஒரே பாவில் நாலைந்து சாயல் கிடைத்துவிடும், நெய்பவருக்கும் நஷ்டம் இல்லை. இப்படிக் கேட்டீர்களானால் வேலை தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று உங்களிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கையால் சுருட்டித் தைத்த ஓரத்துக்கு வருவோம். 90 சென்டிமீட்டர் சதுர ஸ்கார்ஃப் என்றால் சுற்றளவு 3.6 மீட்டர். விரலால் ஓரத்தை உருட்டி, உள்ளே ஊசி ஓட்டி, வெளியே தையல் தெரியாமல் கொண்டுபோவதற்கு, நன்றாகக் கை பழகிய பெண்ணுக்கும் ஒன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெஷின் ஓரம் தட்டையாக, சீராக இருக்கும். கை ஓரம் குண்டாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். தையல் தூரம் ஒரே அளவாக இருக்காது. இந்த அரை மணி நேரத்துக்கு விலைப்பட்டியலில் எத்தனை ரூபாய் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். தனியாகச் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். ‘கையால் செய்தது’ என்று நாம் விற்பது அந்தப் பெண்ணின் நேரத்தைத்தான். அவளுக்கு அது போய்ச் சேரவில்லையென்றால் உங்கள் தங்கை அந்த வார்த்தையை அட்டையில் எழுதவே கூடாது.

வீட்டில் இருந்தபடி நெய்பவர்களை வைத்து ஏற்றுமதி நடத்த முடியுமா என்று உங்கள் தங்கைக்குத் தயக்கம் இருக்கலாம். தாய்லாந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாங்காக்கில் பான் க்ருவா என்கிற கால்வாயோரக் குடியிருப்பில், சாம் என்ற இனத்து முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்ததை வைத்துத்தான் ஜிம் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் தாய் சில்க் கம்பெனியைக் கட்டினார். சாயம் போகாத நல்ல சாயத்தைக் கொண்டுவந்ததும், அளவை ஒழுங்கு பண்ணியதும் அவர் பக்கத்து வேலை. நெசவு அவர்கள் வீட்டில். வாங்குபவர் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று இருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்வது மட்டும் அது ஆகாது.

சாயத்தைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவில் சில வகை அசோ சாயங்களுக்குத் தடை. அவற்றிலிருந்து பிரியும் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களில் குறிப்பிட்ட சில, துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அங்கே சரக்கை இறக்குபவர் உங்கள் தங்கை என்பதால் பொறுப்பும் அவளுடையதுதான். இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே, நிறம் ஒவ்வொன்றுக்கும் பரிசோதனைக் கூட அறிக்கை வாங்கிவிடுங்கள். லேபிளில் இழையின் பெயரும் சதவீதமும் டச்சு மொழியில் இருக்க வேண்டும். அப்புறம், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துச் சிவப்பு, கருநீல ஸ்டோல்களில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள். அங்கே யாருடைய வெள்ளைக் கோட்டிலாவது ஒட்டினால் கடையின் பெயர் போய்விடும்.

கேள்வி: அப்பா ஆரணியில் தறி வைத்திருக்கிறார். நானும் அண்ணனும் அந்தத் துணியில் டை, மொபைல் பவுச் செய்து ஓர் ஏற்றுமதி நிறுவனத்திடம் காட்டினோம். பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் எட்டு மாதிரி இலவசமாக வேண்டுமாம், சரக்குக்குப் பணம் 90 நாள் கழித்துத்தானாம். பெரிய இடம் என்பதால் ஒத்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன்.
– வாசகி, ஆரணி

பதில்: அண்ணனிடம் சொல்லுங்கள், 90 நாள் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்ளவில்லை. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். இதைக் கேட்கும் உரிமைக்கு நீங்கள் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. யாராவது பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். பணம் வராமல் போனால் அரசிடம் இணையத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது.

மாதிரிக்குக் காசு வாங்குங்கள். முழு விலை, ஆர்டர் வந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். உண்மையாக வாங்க வந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இலவச மாதிரி எட்டு போனால், அது இன்னொரு ஊரின் விசைத்தறிக்கு ‘இதே மாதிரி செய்’ என்று போய்ச் சேருவதை நான் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். உங்கள் அப்பா யோசித்துப் போட்ட கட்டத்துக்கு ஒரு விலை இருக்கிறது அம்மா. ஒத்துக்கொண்ட மாதிரித் துணியை இரண்டாக வெட்டி இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறம் சரியில்லை, நெருக்கம் போதவில்லை என்று பிடித்தம் பேச்சு வரும்போது அந்தத் துண்டு உங்களுக்காகப் பேசும்.

நேராக நீங்களே அனுப்பவும் முடியும். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை 500 ரூபாய் கட்டி இணையத்திலேயே வாங்கலாம். சின்னப் பார்சல்களைத் தபால் துறை வழியாகவே ஏற்றுமதி செய்யலாம். அதற்கென்று டாக் கர் நிர்யாத் கேந்திரங்கள் திறந்திருக்கிறார்கள். பெரிய இடத்தின் ஆர்டர் கையில் இருக்கும்போதே இதைத் தொடங்கி வையுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பர்ஸ் தைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. பட்டுத் துணியில் தோல் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லி ஐரோப்பிய ஆர்டர் வருகிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் கைக்குத் தோல் பழக்கம், பட்டு வேறு சுபாவம். தையலில் இழுவை விழுந்தால் நூல்கள் விலகி இடைவெளி தெரியும். பின்னால் ஃபியூசிங் (சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டி, தையல் விளிம்பைக் கொஞ்சம் அதிகமாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஊசி மெல்லிசாக இருக்கட்டும். தோல் தைக்கும் கத்தி முனை ஊசி பட்டை வெட்டிவிடும்.

தோல் பட்டி சின்னதுதானே என்று மீந்த துண்டு எதையாவது வைத்துவிடாதீர்கள். தோலில் ‘குரோமியம்-6’ என்ற வேதிப்பொருள், ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2015-இலிருந்து ஐரோப்பாவில் விதி. எந்தத் தொழிற்சாலைத் தோல், அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். கொக்கி, ஜிப் இவற்றில் நிக்கலுக்கும் வரம்பு உண்டு. பில்லில் போடும் சுங்கக் குறியீடு பர்ஸின் வெளிப்புறம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. வெளியே பட்டு என்றால் தோல் பர்ஸின் எண்ணைப் பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்குப் பட்டு ஸ்கார்ஃப் அனுப்பினால் தீப்பிடிக்கும் சோதனை கேட்பார்களாமே, உண்மையா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: உண்மைதான். 1994-இல் இந்தியாவிலிருந்து போன மெல்லிய ரேயான் பாவாடைகள் சட்டென்று தீப்பிடிக்கின்றன என்று அங்கே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பட்டு அவ்வளவு வேகமாக எரியாது என்றாலும் ரொம்ப மெல்லிசாக இருந்தால் சோதனை உண்டு. மயிர்ப்பு இல்லாத சமதளத் துணி சதுர மீட்டருக்கு சுமார் 88 கிராமுக்கு மேல் இருந்தால் விலக்கு. அதாவது 20 மோம்மியைச் சற்றுத் தாண்ட வேண்டும். 8 மோம்மி ஸ்கார்ஃப் அனுப்புவதானால் சோதனைச் செலவை விலையில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள், வாங்குபவரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.