ஃபேக்கரும் ஒரு கடலூர்த் தம்பியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்கிற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் கொரியாவின் ஃபேக்கர் ஆறாவது முறையாக உலகக் கோப்பையை வென்றது பற்றி, அவர் உழைப்பை ஒரு கலைஞனின் உழைப்போடு சேர்த்து நீங்கள் எழுதியதை என் தம்பிதான் எனக்கு அனுப்பினான். அப்பாவுக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். "எழுத்தாளரே எழுதியிருக்கார், இதுவும் ஒரு தொழில்தான்" என்கிறான். அன்றிலிருந்து வீட்டில் தினமும் சண்டை.

தம்பிக்கு இருபது வயது. பி.காம். இரண்டாம் வருடம், மூன்று அரியர். தேவனாம்பட்டினம் பையன்கள் மூன்று பேரோடு சேர்ந்து பிஜிஎம்ஐ டீம் வைத்திருக்கிறான். பப்ஜியின் இந்திய வடிவம் அது, போனில் ஆடும் துப்பாக்கி ஆட்டம். ஆன்லைன் டோர்னமென்ட்டில் இரண்டு முறை பரிசும் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் வருடம் ஃபீஸ் கட்ட வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல போன் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கிறான். அப்பா சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவருக்கு இதுவும் ரம்மியும் ஒன்றுதான். பிள்ளை சூதாடுகிறான் என்று ஊர் பேசும் என்று பயப்படுகிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். ஸ்கிரீனைத் தேய்ப்பதை ஒரு கலைஞனின் உழைப்போடு எப்படிச் சேர்த்துப் பேசுகிறீர்கள்? தம்பிக்கு நான் என்ன சொல்ல?

ச., (முழுப்பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ச.,

முதலில் அப்பா விஷயம். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் விட்டு, கடைசியில் உயிரையும் விட்டவர்களின் செய்திகளை வருடக்கணக்கில் பேப்பரில் படித்தவர். மகன் ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருந்தால் வேறெப்படி நினைப்பார்? ஆனால் ரம்மி வேறு, இது வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் என்கிற கம்ப்யூட்டர், போன் போட்டி ஆட்டங்களைத் தனியே பிரித்துப் போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், அது மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்துவிட்டது. இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கூடவே தம்பியிடமும் ஒன்று விசாரியுங்கள். ஆளுக்கு ஐம்பதோ நூறோ போட்டு, ஜெயித்தவன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிற கஸ்டம் ரூம் என்கிற தனி ஆட்டங்களில் அவன் ஆடுகிறானா? ஆடுகிறான் என்றால் அந்த இடத்தில் அப்பா பயப்படுவதுதான் சரி. அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. இங்கே முத்தியால்பேட்டையில், எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் நான்கு பையன்கள் ஆடுவார்கள். நானும் போய் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. புதுச்சேரிப் புழுக்கத்துக்கு விரல் வேர்த்துத் திரையில் ஒட்டும் என்பதால் விரல் நுனியில் மெல்லிய துணி உறை மாட்டிக்கொள்கிறார்கள். கட்டைவிரல் இரண்டும் நடப்பதற்கும் திரும்புவதற்கும். ஆட்காட்டி விரல் இரண்டும் போனின் மேல் விளிம்பிலிருந்து வளைந்து இறங்கி, ஒன்று சுடுகிறது, ஒன்று குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திறக்கிறது. ஒருவன்தான் அதிகம் பேசுகிறான். அவனை ஐ.ஜி.எல்., அதாவது ஆட்டத்துக்குள் தலைவன், என்கிறார்கள். "ஸோன் கிழக்கே போவும்டா, வண்டிய மேட்டுக்குப் பின்னாடி விடு, மேல ஒரு டீம் இருக்கு, ரெண்டு பேருதான் மிச்சம்" என்கிறான். அந்த டீமை அவன் கண்ணால் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்பு அந்தப் பக்கம் கேட்ட துப்பாக்கிச் சத்தம், திரையின் ஓரத்தில் ஓடிய செத்தவர்களின் பெயர்கள், ஸோன் என்கிற பாதுகாப்பு வட்டம் சுருங்கும் போக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறான். பெரிய போட்டி என்றால் 16 அணி, 64 பேர். அத்தனை பேரும் எங்கே இருப்பார்கள், எங்கே நகர்வார்கள் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற மூவரும் மறுபேச்சில்லாமல் அவன் சொன்னதைச் செய்கிறார்கள். அதில் ஒருவன் தன்னைப் பலிகொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தே முன்னால் ஓடுகிறான். இதைத் தேய்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்களிடம் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. தோற்றால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள், அடுத்த நிமிஷமே அடுத்த மேட்சுக்குள் போய்விடுகிறார்கள். எங்கே தப்பு நடந்தது என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஃபேக்கரைப் பற்றி நான் எழுதியதே இதனால்தான். லீ சாங்-ஹியோக் என்பது அவர் பெயர். 1996இல் சியோலில் பிறந்து அப்பாவிடமும் பாட்டியிடமும் வளர்ந்தவர். அவர் ஆடும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் பக்கத்துக்கு ஐந்து பேர். எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் நெக்ஸஸ் என்கிற மையக் கட்டடத்தை உடைத்தால் வெற்றி. கேட்பதற்கு எளிது. ஆனால் 160க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். போதாததற்கு, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கம்பெனி பேட்ச் என்று ஒன்றை வெளியிட்டு அந்தப் பலங்களைக் கூட்டிக் குறைத்துவிடுகிறது. சங்கீத வித்வானிடம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ராகத்தில் ஒரு ஸ்வரத்தை மாற்றிவிட்டு, அதே மேடையில் அதே சபைக்கு முன்னால் பாடச் சொல்வது மாதிரி. அப்படிப்பட்ட ஆட்டத்தில் 2013இலிருந்து உச்சத்திலும் உச்சத்துக்குப் பக்கத்திலும் ஒருவர் நிற்கிறார் என்றால், அவரைச் சாதனையாளர் என்று சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

16 வயதில் எஸ்.கே. டெலிகாம் அணிக்கு வந்தார். வந்த வருடமே உலகக் கோப்பை. அப்புறம் 2015, 2016. இருபது வயதில் மூன்று. இந்தக் கதை உங்கள் தம்பிக்கு மனப்பாடமாக இருக்கும். அதற்கு அடுத்த ஏழு வருடத்தை அவன் எவ்வளவு படித்திருக்கிறான் என்று கேளுங்கள்.

2017 இறுதிப்போட்டி, பெய்ஜிங்கின் பறவைக்கூடு மைதானம். சாம்சங் கேலக்ஸி அணியிடம் 0-3. இருக்கையை விட்டு எழ முடியாமல் குனிந்து அழுத ஃபேக்கரை உலகமே பார்த்தது. 2018இல் உலகக் கோப்பை நடந்ததே தென்கொரியாவில்தான். அதற்கு அவர் அணி தகுதி பெறவில்லை. அந்த வருடம் சில ஆட்டங்களில் அவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2019இல் அரையிறுதியோடு சரி. 2020இல் மறுபடியும் தகுதி இல்லை, மறுபடியும் பெஞ்ச், அவர் இடத்தில் ஒரு சின்னப் பையன் ஆடினான். 2021 அரையிறுதியில் 2-3. 2022இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் இறுதிவரை போய், டிஆர்எக்ஸ் அணியிடம் 2-3. ஜெயித்த அந்த அணியில் இருந்த டெஃப்ட், ஃபேக்கர் படித்த அதே பள்ளிக்கூடத்துப் பையன். அவரும் பத்து வருடமாக அந்தக் கோப்பைக்காகக் காத்திருந்தவர். அந்த இரவு டெஃப்ட்டுக்காகச் சந்தோஷப்படாத ஃபேக்கர் ரசிகர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

2023 கோடையில் கை வலி. எழுதவும் சாப்பிடவும் வேண்டிய அந்தக் கைதான் அவருக்குச் சோறும் போட வேண்டும். ஓய்வெடுத்தார். அவர் இல்லாத வாரங்களில் அணி வரிசையாகத் தோற்றது. திரும்பி வந்தார். அந்த நவம்பரில், சொந்த ஊரான சியோலில், 3-0 என்று நான்காவது உலகக் கோப்பை. 2016க்குப் பிறகு ஏழு வருடம் கழித்து! 2024இல் லண்டனில் ஐந்தாவது. 28 வயதில் இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். 2025இல் செங்டுவில் ஆறாவது. ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது.

அந்த ஏழு வருடத்தில் அவர் ஆடும் விதமே மாறிவிட்டது. 2013இன் ஃபேக்கர் தனியாகப் போய் எதிரியைச் சாய்க்கிற பையன். 2023இன் ஃபேக்கர் தன்னைவிட ஆறேழு வயது இளையவர்கள் ஜெயிப்பதற்கு வழி திறந்துவிடுகிறவர். முதலாமவரின் வீடியோக்கள்தான் யூடியூபில் லட்சக்கணக்கில் சுற்றுகின்றன. எனக்கு இரண்டாமவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

சரி, தம்பிக்கு வருவோம். ஃபேக்கரும் பள்ளியை விட்டவர்தானே என்று அவன் சொல்வான். உண்மைதான். ஆனால் அவர் விட்டபோது கொரியாவின் ரேங்க் பட்டியலில் உச்சியில் இருந்தார், ஒரு தொலைபேசி கம்பெனியின் அணி அவருக்காகக் காத்திருந்தது. சம்பளம், பயிற்சி, கூட ஆட நால்வர், தலைக்கு மேல் கிம் ஜொங்-கியூன் என்கிற கோச். ஃபேக்கரின் முதல் மூன்று கோப்பைக்கும் அவர்தான் கோச், 2024லும் 2025லும் மறுபடி அவர்தான். அந்த ஏற்பாடு ஒரு நாளில் வந்ததில்லை. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொரியா பிராட்பேண்டில் பணத்தைக் கொட்டியது, தெருவுக்குத் தெரு பிசி பாங் என்கிற கம்ப்யூட்டர் கடைகள் முளைத்தன, 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்கிற கம்ப்யூட்டர் ஆட்டத்தை டிவியில் காட்டினார்கள், 2000இல் இதற்கென்று ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். ஃபேக்கர் அதற்கப்புறம் வந்தவர். நம் பக்கமும் நெட் சென்டர்கள் இருந்தன. மஞ்சக்குப்பத்திலும் நேரு வீதியிலும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய பையன்களை யாரும் எடுத்து வளர்க்கவில்லை.

நம்மைப் போன்ற ஊரிலிருந்து ஒருவன் வரவே முடியாதா? வந்திருக்கிறான். கராச்சியில் சுமைல் ஹசன் என்றொரு பையன், நெட் கஃபேயில் கூடுதல் நேரம் ஆடுவதற்காகத் தன் சைக்கிளையே விற்றவன். 2015இல் சியாட்டிலில் டோட்டா 2 ஆட்டத்தின் உலகப் போட்டியை அவன் அணி ஜெயித்தபோது அவனுக்கு வயது 16. முதல் பரிசு 66 லட்சம் டாலர். ஆனால் சைக்கிளை விற்றது கராச்சியில், கோப்பை வந்ததோ குடும்பம் அமெரிக்காவுக்குப் போய் அங்கே ஒரு பெரிய அணி எடுத்துக்கொண்ட பிறகு. அதற்கப்புறம் பத்து வருடம் ஆடியும் அந்தக் கோப்பை அவர் கைக்குத் திரும்பவில்லை.

செஸ்ஸையும் யோசித்துப் பாருங்கள். குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தினார், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த வீட்டைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் செஸ்ஸில் ரேட்டிங் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று மாதாமாதம் எண்ணில் தெரியும். கோச் இருக்கிறார், சங்கம் இருக்கிறது. தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: உன் ரேட்டிங் என்ன, உன் கோச் யார்?

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில்வர் பீச் மணலில் கோடு கிழித்துக் கபடி ஆட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிஜிஎம்ஐ அப்படி இல்லை, அது ஒரு கம்பெனியின் சொத்து. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வந்தது. 2022 ஜூலையில் ஒரே நாளில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதம் பெரிய போட்டிகள் நின்றுபோயின. படிப்பை விட்டுவிட்டு அதையே நம்பியிருந்த பையன்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

அதனால் என் பதில் இது. ஃபீஸைக் கட்டுங்கள். அரியரை முடிக்கட்டும். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். நேரம் குறித்து ஆடச் சொல்லுங்கள். நான்கு பேரும் சாயங்காலம் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, தங்களைவிடப் பெரிய அணிகளோடு ஸ்க்ரிம் என்கிற பயிற்சி ஆட்டம் ஆடட்டும். இராத்திரி தூங்க வேண்டும். மணிக்கட்டில் வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடக் கூடாது. டிகிரி முடிவதற்குள், பிஜிஐஎஸ் போன்ற பெரிய போட்டிகளின் தகுதிச்சுற்றில் எத்தனை சுற்று தாண்டுகிறார்கள் என்று பார்ப்போம். இரண்டு ஆன்லைன் பரிசுகள் நல்ல தொடக்கம்தான். ஆனால் கல்லூரியை விடுவதற்கு அது போதாது. ஒரு உண்மையான அணி சம்பளம் சொல்லிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டால், அன்று நானே வந்து அப்பாவிடம் பேசுகிறேன்.

அப்பாவை ஒரே ஒரு மேட்ச் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். யார் ஐ.ஜி.எல்., ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று அவர் கேட்கட்டும். ஷிப்ட் வேலையில் நாலு பேரை ஒழுங்காக வேலை வாங்குவது என்னவென்று தெரிந்தவர், அவருக்குப் புரியும்.

தம்பியை எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். ஜெயித்த கதை வேண்டாம். சமீபத்தில் தோற்ற ஒரு மேட்சின் ரிப்ளேவைப் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் எந்த முடிவு தப்பாகப் போனது, அந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள், இப்போது என்றால் என்ன செய்வார்கள் என்று நான்கு பேரும் சேர்ந்து எழுதி அனுப்பட்டும். இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.