துஜா வாடிக் காட்டாது: செட்டிநாட்டுத் தோட்டக் கேள்விகள்

நர்சரியில் துஜா என்று விற்கும், விசிறி மடித்தது போன்ற இலையுள்ள செடியைப் பற்றி நம் ஊர்ப்பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பள்ளத்தூர்): அண்ணே, வாசலின் இரண்டு பக்கமும் துஜா வைத்தேன். தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. போன வாரம் ஒன்று மட்டும் திடீரென்று செம்பட்டை நிறமாகிவிட்டது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: வெயில் இல்லை தம்பி, தண்ணீர்தான் காரணமாக இருக்கும். செம்பருத்தியாக இருந்தால் வேருக்குச் சிரமம் வந்ததுமே இலை தொங்கிவிடும். துஜா அப்படி வாடிக் காட்டாது. வேர் அழுகிய பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். நிறம் மாறும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். எனக்கும் முதல் செடி இப்படித்தான் போனது, இன்றும் அது மனசில் உறுத்துகிறது.

நம் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்புறாங்கல் என்னும் இறுகிய செந்நிறக் கல் வந்துவிடும். அதில் வெட்டிய குழி கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நடுவதற்கு முன்னால் குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்தக் குழி வேண்டாம். ஒரு அடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மேடுதான் செடியைக் காப்பாற்றும்.

பச்சையாக இருக்கும் மற்ற செடிக்கு இன்றே தண்ணீரைக் குறையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

கேள்வி (கானாடுகாத்தான்): வளவுக்குள் (வீட்டின் உள்கட்டில்) முற்றத்தில் துஜாத் தொட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஆச்சி. உயர்ந்த சுவருக்குள் உச்சி வெயில் மட்டும்தான் இறங்கும், இதற்கோ ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். முகப்புக்கு வெளியே வையுங்கள். பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்து மண்ணில் கலந்தாலும் பயமில்லை, தாங்கிக்கொள்ளும்.

கேள்வி (தேவகோட்டை): உள்பக்க இலை காய்ந்து கொட்டுகிறது. நோயா?

பதில்: உட்பக்கம் மட்டும் என்றால் பழைய இலை உதிர்வதுதான். கையால் உலுக்கி எடுத்துவிடுங்கள். ஆனால் வெளி இலையும் சாம்பல் பூத்து, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்தி என்ற நுண்ணிய செடிப்பேன். சித்திரை, வைகாசி வறட்சியில் வரும். காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக உள்ளே பீய்ச்சுங்கள், சில நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

கேள்வி (காரைக்குடி): உயரத்தைப் பாதியாக வெட்டலாமா?

பதில்: பச்சை இலை உள்ள பகுதியில் மட்டும் கத்தரி வையுங்கள். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது.

கேள்வி (பள்ளத்தூர்): அண்ணே, அந்தச் செம்பட்டைச் செடிக்கு வழியே இல்லையா?

பதில்: தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் தண்ணீரை நிறுத்திக் காத்திருக்கலாம். அடித்தண்டு வரை பழுப்பாக இருந்தால் பிடுங்கிவிடுங்கள். மேடு போடாமல் அங்கே இன்னொன்று வைக்காதீர்கள் தம்பி.