பிரிட்ஜ் விலை இறங்குவதைச் செலவில்லாமல் கண்காணிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பிரிட்ஜ் பழசாகிவிட்டது. இரண்டு தரம் கேஸ் நிரப்பியும் சரிவரவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குள் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ஒன்லைனில் பார்த்தால் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விலை சொல்கிறது, அதுவும் அடிக்கடி மாறுகிறது. விலை குறைந்தால் தானாக அறிவிக்கும் இலவச வழி ஏதும் உண்டா? எல்லோரும் சொல்லும் செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். அவற்றில் நம் ஊர்க் கடைகளே இல்லை. (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உண்டு. நீங்கள் போட்டுப் பார்த்தவை கேமல்கேமல்கேமல், கீப்பா போன்றவையாக இருக்க வேண்டும். நல்ல சேவைகள்தான், ஆனால் அவை அமேசான் விலையை மட்டுமே தொடர்பவை. அமேசானின் அமெரிக்க விலை நமக்கு ஒப்பிடவும் உதவாது. அங்குள்ள பிரிட்ஜ் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே அவற்றை அழித்துவிடுங்கள்.

சிங்கர், அபான்ஸ், சொப்ட்லொஜிக், தராஸ் என்று இங்கே விற்கும் தளங்களுக்கு, எந்த இணையப் பக்கத்தையும் கவனித்துச் சொல்லும் பொதுவான கருவிதான் பொருத்தம். வீட்டுப் பாவனைக்கு நான் சொல்வது டிஸ்டில். குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் எதிலும் எக்ஸ்டென்ஷனாக, அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சிறு செயலியாக, போடலாம். இலவசக் கணக்கில் எத்தனை பக்கங்கள் என்று வரம்பு உண்டு. ஒரு பிரிட்ஜுக்கு நான்கைந்து கடைப் பக்கங்கள் போதும் என்பதால் அந்த வரம்பு உங்களைத் தடுக்காது. விஷுவல்பிங் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் இலவசச் சோதனைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. மொடல் இலக்கத்தை எழுதி வையுங்கள். "250 லீட்டர் இரட்டைக் கதவு" என்று தேடினால் ஒரே கம்பனியில் மூன்று நான்கு பிரிட்ஜ் வரும். இலக்கத்தின் கடைசியில் ஓர் எழுத்து மாறினாலே இன்வேர்ட்டர் உள்ளது, இல்லாதது என்று பொருளே வேறாகிவிடலாம். ஒரு கடை மொத்தக் கொள்ளளவைப் போடும், இன்னொரு கடை உள்ளே பொருள் வைக்கக்கூடிய கொள்ளளவைப் போடும். லீட்டரை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் அது ஒரே பிரிட்ஜ்.

இனி டிஸ்டில். கடையின் பக்கத்தைத் திறந்து, எக்ஸ்டென்ஷனை அழுத்தி, பக்கத்தின் ஒரு பகுதியைத் தெரிவு செய்யும் வசதியை எடுங்கள். சுட்டியை நகர்த்தும்போது பக்கத்தில் கட்டங்கள் தோன்றும். இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள். விலையைச் சுற்றிப் பெரிய கட்டமாகத் தெரிவு செய்தால் வெட்டப்பட்ட பழைய விலை, மாதத் தவணைத் தொகை, "கையிருப்பில் 3" என்ற வரி எல்லாமே உள்ளே வந்துவிடும். அப்புறம் கையிருப்பு இரண்டாகக் குறைந்தாலும் அறிவிப்பு வரும். மூன்று நாளில் அலுத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள். இப்போது விற்கும் விலை, அந்த ஓர் எண் மட்டும் கட்டத்துக்குள் நிற்கும்வரை தெரிவைச் சுருக்குங்கள். பிறகு "இந்த எண் இவ்வளவுக்குக் கீழே போனால் அறிவி" என்ற நிபந்தனையைப் போடுங்கள்.

எத்தனை மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றும் கேட்கும். ஆறு மணித்தியாலம் தாராளம். பிரிட்ஜ் விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை, கடையின் தளத்தையும் வீணாகத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் கணினியிலேயே ஓடும்படி அமைத்தால் பிரவுசர் திறந்திருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். கடை தன் தளத்தின் வடிவமைப்பை மாற்றினால் கருவி விலையைத் தேடிப்பிடிக்க முடியாமல் திணறும். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தரம் நீங்களே திறந்து சரிபாருங்கள்.

பாதுகாப்புக்காக ஒரு வார்த்தை. இப்படியான எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் பார்க்கும் பக்கங்களை வாசிக்க அனுமதி கேட்கும். வேலை அப்படி, வேறு வழியில்லை. ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே பிரவுசரில் போடாதீர்கள். வங்கிக்கு குரோம் என்றால் இதற்கு பயர்பொக்ஸ் என்று பிரித்து வைப்பது நல்லது.

அறிவிப்பு வந்தால் போதுமா? போதாது. அது உண்மையில் குறைந்த விலையா என்று தெரிய உங்கள் கையில் பழைய விலை இருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. செப்டெம்பரில் 179,900 ரூபாய்க்கு விற்ற பிரிட்ஜை நவம்பரில் 219,900 என்று காட்டி, அதை வெட்டி, "20% விலைக்கழிவு" என்று 175,920 போடுகிறார்கள். 43,980 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். செப்டெம்பர் விலையோடு பார்த்தால் மிச்சம் 3,980 ரூபாய்தான். 11.11 என்ற விற்பனை நாளை 2009இல் தொடக்கிய அலிபாபா 2018இல் தராஸை வாங்கியது. இன்று நவம்பர் 11 வந்தால் இங்கே எல்லாத் தளங்களிலும் சிவப்பு எழுத்துதான். அந்தச் சிவப்பு எழுத்துக்கு விடை சொல்லக்கூடியது நீங்கள் எழுதி வைத்த விலை மட்டுமே.

அதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும், கொப்பி என்றாலும் சரி. திகதி, கடை, மொடல் இலக்கம், விலை, வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு, உத்தரவாதம் என்று ஆறு நிரல்கள். ஷீட்ஸில் விலையைத் தானாக இழுக்கும் இம்போர்ட் எக்ஸ்எம்எல் என்ற சூத்திரம் உண்டு. பக்கம் திறந்த பிறகே விலையை நிரப்பும் தளங்களில் அது வெறுமையாகத்தான் வரும், வந்தாலும் பழைய விலையைச் சேமித்து வைக்காது. வாரம் ஒரு தரம் கையால் எழுதுவதே நம்பிக்கையானது. கடந்த மாத விலை வேண்டுமென்றால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கடையின் பக்க முகவரியைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் இருக்காது. ஆனால் இன்றைய பக்கத்தை நீங்களே அங்கே இலவசமாகச் சேமித்து வைக்கலாம், திகதியோடு நிற்கும்.

எந்தக் கருவியும் பிடிக்காத விலைகளும் இருக்கின்றன. தராஸில் வவுச்சர் போட்ட பின் வரும் விலை பக்கத்தில் தெரியாது. புத்தாண்டுக் காலத்தில் வங்கிகள் கடனட்டைக்குத் தரும் கழிவும் அப்படித்தான். உங்கள் வங்கியின் சலுகைப் பக்கத்தையும் டிஸ்டிலில் போட்டு வையுங்கள். வட்டியில்லாத் தவணை என்றால் கையாளும் கட்டணம் எவ்வளவு என்று முதலே கேளுங்கள். இன்னொன்று, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகள். அங்கே பல கடைகளின் விலை எந்தத் தளத்திலும் இல்லை. மொடல் இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "காசுக்கு எடுத்தால் கடைசி விலை என்ன, கம்பனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா?" என்று கேளுங்கள். பதிலையும் அதே ஷீட்டில் எழுதுங்கள். கம்பிரசருக்கு எத்தனை வருடம், மற்றப் பாகங்களுக்கு எத்தனை வருடம் என்று பிரித்துக் கேட்க மறக்க வேண்டாம்.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதற்கு டொலரைப் பாருங்கள், அது ஏறினால் பிரிட்ஜ் விலையும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அப்போது கழிவுக்காகக் காத்திருந்தவர்கள் கூடுதலாகத்தான் கொடுத்தார்கள். 2024 ஜனவரி 1இல் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோதும் முந்தி வாங்கியவர்களுக்கே இலாபம். மத்திய வங்கி நாணய மாற்று வீதத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. அது தொடர்ந்து ஏறினால், அல்லது வரி கூடும் என்ற அறிவிப்பு வந்தால், ஷீட்டில் உள்ள மிகக் குறைந்த விலைக்கு உடனே எடுத்துவிடுங்கள். ரூபாய் நிலையாக நின்றால் ஏப்ரல் முதல் வாரம் வரை பொறுக்கலாம். அதற்குள் உங்கள் பழைய பிரிட்ஜ் நின்றுவிட்டால் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். தினமும் கெட்டுப்போகும் மீனும் பாலும் கழிவை விழுங்கிவிடும்.

வாங்கும் நாளில் விலை தெரியும் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, பிரிட்ஜ் வீட்டுக்கு வந்ததும் ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கத்தைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்ட பிறகே கையொப்பமிடுங்கள். பொருள் மாறி வந்தாலோ விலை கூட்டிப் போட்டாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டுக்கு அந்தப் படமும் பற்றுச்சீட்டும் தேவைப்படும்.