துப்பாக்கியில் குறிபார்க்கப் பொருத்தும் ரெட் டாட் சைட் முதலில் எப்படி வந்தது, அதில் தெரியும் சிவப்புப் புள்ளி லேசரா?

லேசர் இல்லை. லேசர் என்றால் புள்ளி இலக்கின்மேல் விழும், இதில் கண்ணாடிக்குள் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

ராத்திரி தருமபுரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? தொப்பூர் கணவாயில் வெளியே இருட்டு, உள்ளே எரியும் பல்பு கண்ணாடியில் பட்டு மலைமேல் மிதப்பது போலத் தெரியும். விஷயம் இதேதான், ஆனால் தலையை அசைத்தால் அந்தப் பல்பு மலையை விட்டு நகர்ந்துவிடும். டப்ளினில் தொலைநோக்கி செய்துகொண்டிருந்த ஹோவர்ட் க்ரப் 1900-ல் இதைத்தான் சரிசெய்தார்: லென்ஸ் வழியாக ஒளிக்கதிர்களை இணையாக்கினால் புள்ளி வெகுதூரத்தில் இருப்பது போலாகிவிடும், கண் கொஞ்சம் விலகினாலும் அது இலக்கிலேயே நிற்கும். எவ்வளவு அழகான யோசனை!

1918-ல் ஜெர்மன் போர் விமானங்களில் இது ஏறியது. கைத்துப்பாக்கிக்கோ ரைபிளுக்கோ வரத் தாமதமானதற்குக் காரணம் எளிது, பல்பு, அதற்கான மின்சாரம், எடை எல்லாம் விமானத்துக்குத்தான் தாங்கும். நடுவில் சிங்கிள்பாயின்ட் என்று ஒரு துப்பாக்கி சைட் வந்தது, அதன் வழியே வெளியே எதுவும் தெரியாது. ஒரு கண்ணில் சிவப்புப் புள்ளி, இன்னொரு கண்ணில் இலக்கு, மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். 1970-ல் வியட்நாமின் சோன் டே போர்க்கைதி முகாம் மீதான தாக்குதலில் அமெரிக்கர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம் எல்.இ.டி. வந்தது. சின்ன பேட்டரியே போதும். 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் முதல் எலக்ட்ரானிக் ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது, இன்று நீங்கள் பார்க்கிறதெல்லாம் அதன் வாரிசுகள்தான்.