எல்லாம் ஒரே கதைதானே, காதல் நாவல்களை எப்படித் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள்?

ஆமாம், ஒரே கதைதான். முதல் அத்தியாயத்தில் முறைத்துக்கொள்ளும் இருவருக்கும் கடைசியில் கல்யாணம் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரியும். ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேல் எழுதியிருக்கிறார், முடிவு தெரியாமலா அத்தனையையும் தேடித் தேடிப் படித்தார்கள்?

எனக்கு முக்கூடல் பக்கம். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு மதினி எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிற கைக்கு ஓய்வே கிடையாது, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது, அதனால் லீவு நாளில் நாவல் வாசிப்பது என் சோலி. டவுனுக்கு வேலைக்குப் போன சித்தி வாடகை நூலகத்தில் எடுத்து வருவாள். சாயங்காலத்துக்குள் கணக்கு முடிய வேண்டும், கடையில் எத்தனை பீடியைக் கழிப்பார்களோ என்ற பயம் வேறு. இதில் கதாநாயகி பிழைப்பாளா மாட்டாளா என்று வேறு கவலைப்படச் சொன்னால் யார் கேட்பார்கள்? முடிவு தெரிந்த கதைதான் அங்கே சரிப்பட்டது.

அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். கையைப் பிடித்து முறுக்குகிறவன், சந்தேகப்பட்டு அறைகிறவன், கடைசி அத்தியாயத்தில் ‘எல்லாம் உன்மேல் உள்ள பிரியத்தில்தான்’ என்கிறவன், இவனை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது. அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “அந்த மூதியை நாலு சாத்து சாத்தாம இவ என்னட்டி அழுதுக்கிட்டு கெடக்கா?” என்பாள். இப்போது இணையத்தில் ‘ஆன்டி ஹீரோ’ என்று பெயர் வைத்து அதையேதான் எழுதுகிறார்கள். எனக்கு வேண்டியது வாயாடிக் கதாநாயகி, அவளுக்கென்று ஒரு சம்பளம், நடுவில் புகுந்து குட்டையைக் குழப்ப ஒரு பாட்டி. சிரிக்க வைத்துக் காதலிக்க வைப்பது அழ வைப்பதைவிடக் கஷ்டம், அதனால்தானோ என்னவோ அப்படிப்பட்டவை குறைவாகவே கிடைக்கின்றன.

பெண்கள் படிக்கிற கதை என்றாலே மட்டம் என்பவர்களுக்கு ஒன்று. வாரப் பத்திரிகைத் தொடர்களில் பெண்கள் விரும்பிப் படித்த லக்ஷ்மி ஒரு டாக்டர், 1984-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியவர். ஆனால் விருதைக் காட்டித் தப்பிக்க நான் பார்க்கவில்லை, விருது வாங்காததைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

ஒரே கதை என்பதற்கு வருகிறேன். ஒருமுறை சித்தி கொண்டுவந்த நாவலில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. “சரி, கல்யாணம்தானே” என்று அடுத்ததை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்றில் நடுவே ஒரு ஃபாரம், 16 பக்கம், அப்படியே காணோம். அதற்கு முந்தின பக்கத்தில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு படியிறங்குகிறாள், பிந்தின பக்கத்தில் அவன் அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுக்கிறான். திண்ணையே எழுந்துவிட்டது. அவன் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பான் என்றாள் மதினி. “அவனாவது கேக்கறதாவது, அவன் ஆத்தா போய்க் கூட்டிட்டு வந்திருப்பா” என்றாள் அம்மா. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பேச்சு எப்படியோ அங்கே போய் நின்றது, இரண்டு பேரும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.