சிறுவயது அதிர்ச்சிக்குப் பிறகு வந்த பிஞ்ச் ஈட்டிங், உடல் பருமன்: சிபிடி, டிபிடி, இஎம்டிஆர், இதில் எதற்குப் போகலாம்?

"வாயைக் கட்டு" என்று உங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். பதினோரு வருடம் கட்டினேன். பகல் முழுக்கப் பட்டினி. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் விளக்குப் போடாமல், நின்றபடியே, ருசிகூடத் தெரியாமல், வயிறு வலிக்கும் வரை சாப்பிடுவேன். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பேன். இதற்கு பிஞ்ச் ஈட்டிங், அதாவது கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் நோய், என்று ஒரு பெயர் உண்டு என்றே தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடே 2013ல்தான் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. வாரத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று மாதம் என்பது அதன் அளவு. எனக்கு வாரத்தில் ஐந்து நாள்.

எனக்கு என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. வீட்டுக்குள் நடந்தது, அவ்வளவு போதும்.

முதலில் போனது சிபிடிக்கு, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கும் பேச்சு சிகிச்சைக்கு. ஒரு நோட்டில் நேரம், இடம், சாப்பிட்டது, அதற்கு முன் நடந்தது என்று நாலு கட்டம் போடச் சொன்னார்கள். கலோரிக் கணக்கு கிடையாது. அப்புறம் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை ஏதாவது, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடக்கூடாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் சாப்பிடுவதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பகல் பட்டினிதான் ராத்திரியை இழுத்து வருகிறது என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது.

ஆறாவது வாரம் நோட்டைப் புரட்டினோம். 'அதற்கு முன்' கட்டத்தில் ஒன்பது இடத்தில் "தாழ்ப்பாள் சத்தம்" என்று என் கையெழுத்து. யாரோ ஒரு கதவைத் தாழிடும் சத்தம். எழுதும்போது ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

20 வாரத்தில் ஐந்து நாள் ஒரு நாளானது. தாழ்ப்பாள் மட்டும் போகவில்லை. அதற்காகத்தான் இஎம்டிஆருக்குப் போனேன். பழைய நினைவை மனதில் நிறுத்திக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை இடமும் வலமும் ஓட்ட வேண்டும். அதிர்ச்சிக்கு அது நல்ல ஆதாரமுள்ள சிகிச்சை. சாப்பாட்டுப் பிரச்சினைக்கு என்று தனியாகப் பார்த்தால் சிபிடிக்கு உள்ள அளவு ஆதாரம் இல்லை. அதனால் 'இதுவா அதுவா' என்பதைவிட 'எது முதலில்' என்று கேளுங்கள். எனக்குச் சாப்பாடு ஓரளவு நிலைப்பட்ட பிறகுதான் நினைவைத் தொடத் தெம்பு வந்தது. எல்லோருக்கும் இதே வரிசை என்று நான் சொல்லவில்லை, நான் மருத்துவரும் இல்லை. கோபமோ பயமோ பொங்கும்போது ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியாதவர்களுக்கு டிபிடி பொருந்தும், அதைத் தாங்கும் பழக்கத்தைத்தான் அது கற்றுத் தருகிறது. உறவுகளில் அடிபடும்போதெல்லாம் சாப்பாட்டிடம் போகிறவர்களுக்கு ஐபிடி இருக்கிறது, உறவுச் சிக்கல்களைப் பேசிச் சரிசெய்யப் பார்க்கும் சிகிச்சை அது. 2002ல் வந்த ஒரு ஆய்வில் குழுவாகச் செய்த ஐபிடியும் சிபிடியும் சமமாகவே பலன் தந்தன.

எடை? இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்தச் சிகிச்சைகள் கட்டுப்பாடில்லாத சாப்பாட்டைக் குறைக்கும், எடையை அதிகம் குறைக்காது. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017 வழிகாட்டியில் இதை நோயாளியிடம் விளக்கிச் சொல்லவே சொல்கிறது. எனக்கு ஒரு வருடத்தில் நாலு கிலோதான் இறங்கியது. 1980களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் சான் டியாகோவில் நடத்திய உடல் பருமன் சிகிச்சையில், நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றார்கள். விசாரித்தால் பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது. அதைப் படித்த அன்று வெகுநேரம் அழுதேன். எனக்கும் இந்த எடை ஒரு காவலாகத்தான் இருந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். காது வலிக்கென்று ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் எடை பார்த்து, எண்ணை உரக்கக் கூவி, உள்ளே போனதும் "முதல்ல எடையைக் குறைங்க" என்றார்கள். காதுக்குள் சீழ் இருந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொருவர்தான் விளக்கடித்துப் பார்த்தார். எடையைத் தனியறையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லலாம்.

சாப்பிட்ட பிறகு வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது வேறு நோய்க்கணிப்பு. பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும், அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.