65 லட்சம் இருக்கிறது, எந்தக் கார் வாங்கலாம்?

கேள்வி: கரூரில் போர்வை, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறேன். எட்டு வருடமாக இன்னோவா ஓட்டுகிறேன். முதல் முறையாக ஒரு சொகுசு கார் வாங்க ஆசை, கையில் 65 லட்சம் இருக்கிறது. வாரம் இரண்டு முறை கோவைக்கு நானே ஓட்டிப் போவேன். பின்சீட்டில் பெரும்பாலும் அப்பா. 74 வயது, முழங்கால் வலி. பென்ஸா, பிஎம்டபிள்யூவா, ஆடியா?

பதில்: பெயரைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் கணக்கு. 65 லட்சம் என்பது ஷோரூம் விலையா, வண்டி வீட்டு வாசலுக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவா?

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். ஷோரூம் விலை 65 லட்சம் என்றால் அதுவே 13 லட்சம். 10 லட்சத்தைத் தாண்டிய கார் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள், அதாவது விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள். இன்சூரன்ஸையும் சேர்த்தால் 80 லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாம் 65-க்குள் அடங்க வேண்டும் என்றால் ஷோரூம் விலை 52 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

வரியைக் குறைக்கப் புதுச்சேரி முகவரி போடலாமா என்று யாராவது காதில் ஓதுவார்கள். வேண்டாம். வெளி மாநிலப் பதிவு வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். முகவரி பொய் என்றால் வழக்கு தனி.

அடுத்தது டயர். ஷோரூமில் யாரும் குனிந்து பார்க்காத இடம். பக்கவாட்டில் 225/45 R18 என்று எழுதியிருந்தால், 225 மில்லிமீட்டர் அகலத்தில் 45 சதவீதம்தான் ரப்பர் சுவரின் உயரம், அதாவது 101 மில்லிமீட்டர். உங்கள் இன்னோவாவில் 205/65 இருந்தால் அது 133. குறைகிற அந்த ஒன்றேகால் அங்குல ரப்பர்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டிருந்தது. பெரிய வீல் பார்க்க அழகு, ஆனால் ரப்பருக்கு இடம் குறையும். நம் ஊர் ரோட்டில் டயர் சுவர் வீங்கும், அலாய் வீல் வளையும்.

ஈரோட்டு நண்பர் ஒருவர் இரவில் வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளத்தில் இறக்கினார். டயரின் பக்கச் சுவரே கிழிந்துவிட்டது. ஸ்டெப்னி இல்லாத மாடல், டிக்கியில் பஞ்சர் கிட் மட்டும். அந்த அளவு டயர் சென்னையிலிருந்து வர நான்கு நாள் ஆனது. ரன்-ஃபிளாட் டயர் காற்று இறங்கிய பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் சுவர் கிழிந்தால் அதுவும் உதவாது. அதனால் ஒரே மாடலில் சின்ன வீல் உள்ள வேரியன்ட் இருந்தால் அதையே எடுங்கள். ஸ்டெப்னி உண்டா, ஒரு டயர் என்ன விலை என்றும் கேளுங்கள்.

சர்வீஸுக்கு உங்களுக்குக் கோவைதான். அங்குள்ள ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு முறை நேரில் போய், பம்பரும் ஹெட்லைட்டும் என்ன விலை, வர எத்தனை நாள் என்று விசாரியுங்கள். இந்தியாவில் கோர்க்கப்படும் மாடலா, முழுதாக இறக்குமதி ஆவதா என்பதையும் கேளுங்கள். முழு இறக்குமதி என்றால் சுங்க வரியால் விலை ஏறும், உதிரி பாகத்துக்கும் காத்திருக்க நேரலாம்.

டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவைக் கூட்டிப் போங்கள். முன்சீட்டில் மரியாதைக்கு உட்கார வைக்காமல், பின்கதவை அவரே திறந்து, ஏறி, இறங்கட்டும். செடான் தாழ்வாக இருக்கும்; முழங்கால் வலிக்காரருக்கு உட்காருவதைவிட எழுவதுதான் கஷ்டம். அப்புறம் நான்கு பேரோடு உங்கள் வீட்டுச் சாய்தளத்திலும் தெரு வேகத்தடையிலும் ஏற்றி இறக்குங்கள்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே எடுத்தாலும் ஜீரோ டெப்ரிசியேஷனும் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது) இன்ஜின் பாதுகாப்பும் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களை ஸ்டார்ட் செய்து பார்த்தே இன்ஜினை இழந்தவர்கள் உண்டு. சாதாரண பாலிசி பொதுவாக அதற்குப் பணம் தராது. இன்னொன்று: இன்னோவாவை விற்கும்போது நோ கிளைம் போனஸ் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கிளைமே இல்லை என்றால், புதுக் காரின் பிரீமியத்தில், உங்கள் வண்டியின் சேதத்துக்கான பங்கில் 50 சதவீதம் குறையும். இதை டீலர் தானாகச் சொல்வது அபூர்வம்.

சரி, பெயர். 52 லட்சத்தை ஒட்டி பிஎம்டபிள்யூ எக்ஸ்1, பென்ஸ் ஜிஎல்ஏ, ஆடி க்யூ3 மூன்றும் வரும். அப்பாவை வைத்துப் பார்த்தால் பின்சீட் விசாலத்துக்காக நான் எக்ஸ்1 பக்கம் சாய்வேன். செங்கல்பட்டு பக்கத்தில் கோர்க்கிறார்கள். அப்பாவுக்கு வேறொன்று வசதி என்றால் என் பேச்சை விட்டுவிடுங்கள்.

எதுவானாலும் பதிவுக்கு முன்பே டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய் வண்டியைப் பாருங்கள். டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான ஃபாரம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டயரில் 3224 என்று இருந்தால் 2024-இன் 32-வது வாரம் செய்தது. போன வருட வண்டி என்றால் தள்ளுபடி கேளுங்கள், ஏனென்றால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் கேட்கப் போவதும் அந்த வருடத்தைத்தான்.